நோல்ஃபாவின் ராக்கட்டை

உலகத்தின் தென்கோடியில் இருக்கிற எங்கள் கொயைக்கேயில் ஜனவரி என்றால் நடுக்கோடை. அந்த மாதம் விறகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டே தரப்புதான். விறகு விற்கிறவர்கள் ஒன்று, நோல்ஃபா மன்சில்யா இன்னொன்று. மற்ற சனமெல்லாம் கையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் ஆட்டுக்கறி சுட்டுக்கொண்டிருக்கும். மே மாதம் மலையுச்சியில் பனி விழுந்த பிறகுதான் விறகு என்று ஒரு சமாசாரம் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் வரும். உடனே அடித்துப் பிடித்து ஓடுவார்கள். லாரிக்காரன் எதை இறக்கிப் போட்டானோ அதை வாங்கிக்கொண்டு வந்து, செப்டம்பர் வரைக்கும் புகையில் கண்ணைக் கசக்குவார்கள். அடுத்த வருஷமும் இதேதான். புத்தி வந்துவிடும் என்று நானும் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நோல்ஃபாவுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. குள்ளமான உடம்பு, மாவு பிசைந்து பிசைந்து உருண்டுபோன முழங்கை. விறகடுப்பில் ரொட்டி சுட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து காலை ஏழு மணிக்கு விற்பாள். எட்டரைக்குள் தீர்ந்துவிடும். ரொட்டிக்கு அவளைத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவோடு சரி. விறகுக்கு அவளைத் தெரிந்தவர்கள் ஊர் பூராவும் இருந்தார்கள். யார் வீட்டு வாசலில் விறகு லாரி வந்து நின்றாலும், பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஆளனுப்பி நோல்ஃபாவைக் கூட்டிவருவார்கள். கூலி ஒன்றும் கிடையாது. ஒரு சுற்று மாத்தே இலைத் தேநீர், கூட ஒரு துண்டு ஆப்பிள் கேக், அவ்வளவுதான்.

அவள் வந்து முதலில் கட்டையை எடுக்கமாட்டாள். லாரியைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். மேலே அடுக்கியிருப்பதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள், நல்லதையெல்லாம் மேலேதான் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அடியிலிருந்து இரண்டு பிளவுகளை உருவி ஒன்றோடொன்று தட்டுவாள். காய்ந்திருந்தால் கணீரென்று கேட்கும். ஈரமென்றால் சத்தம் செத்துப்போய் வரும். முனையில் வெடிப்பு விட்டிருக்கிறதா, பட்டை நகத்துக்கே கழன்று வருகிறதா என்று பார்ப்பாள். கடைசியாகப் பிளந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். உள்ளே தண்ணீர் இருக்கிற கட்டை கன்னத்தில் ஜில்லென்று ஒட்டும். வெயில் காலத்திலும் ஒட்டும். அந்தக் கன்னத்தை ஏமாற்றிய கட்டை அதுவரை வந்ததில்லை.

விறகுக்காரர் டோன் பால்தோவினோவுக்கு (எங்கள் பக்கம் ஆம்பளைக்கு டோன், பொம்பளைக்கு டோன்யா என்பது மரியாதை) இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"டோன்யா நோல்ஃபா, நீங்க கட்டையச் சோதிக்கிறீங்களா, முத்தம் குடுக்கிறீங்களா? சொல்லிட்டா நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்."

"உன் கட்டைக்கு முத்தம் குடுத்தா எனக்கு ஜலதோஷம் புடிக்கும். இந்தப் பக்கம் பூராவும் பச்சை. எறக்காத, கொண்டு போ."

"பச்சையா? போன கோடையில வெட்டினது!"

"போன கோடையில வெட்டி, போன வாரம் வரைக்கும் மழையில போட்டு வெச்சிருந்த. லெங்கா மரம் உனக்காகக் குடையா புடிச்சுக்கிட்டு நிக்கும்?"

வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். பால்தோவினோவும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புவார். அந்த மனிதர் ஒன்றும் அயோக்கியர் இல்லை. ஈரக் கட்டையையும் வாங்க ஆள் இருக்கும்போது எந்த வியாபாரிதான் இரண்டு வருஷம் காயப்போட்டுக் காத்திருப்பான்?

அந்த வருஷம் ஜனவரியில் நோல்ஃபா தன் வீட்டுக்கு விறகு எடுத்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் புருஷன் ரோசமெல் முப்பது வருஷம் ரோடு போடுகிற வேலையில் இருந்தவர். ஜல்லிப் புழுதியைத் தின்றே நுரையீரல் பாதி போயிருந்தது. மிச்சப் பாதியை வீட்டுப் புகை தின்றுகொண்டிருந்தது. இரண்டு குளிர்காலமாக ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருந்தார். டாக்டரம்மா இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. வரப்போகிற குளிர்காலமும் வீட்டுக்குள் புகை இருந்தால் தன்னால் பொறுப்பேற்க முடியாது, வடக்கே மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மகள் மிரேயா இருப்பது அந்தோஃபகாஸ்தாவில். பாலைவனம். அங்கே வீட்டைச் சூடாக்க நெருப்பே தேவையில்லை. அவள் அப்பாவுக்கென்று அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாள். ரோசமெல்லுக்குத்தான் அந்த ஊர் பெயரைக் கேட்டாலே முகம் சுருங்கியது.

"மழையே கெடையாதாம். மரமும் கெடையாதாம். நான் காலைல எழுந்து எதப் பாத்துக்கிட்டு உக்காருவேன், சொல்லு? மணலையா?"

"நீ எங்கயும் போகவேண்டாம் கெழவா. நான் விறகப் பாத்துக்கறேன்" என்றாள் நோல்ஃபா.

அதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஊரில் விறகை அவளைவிட நன்றாக யார் பார்த்துவிட முடியும்? இரண்டு கோடை காய்ந்த லெங்காவைத் தேடித் தேடி எடுத்தாள். பால்தோவினோவின் கிடங்குக்கே போய் ஒவ்வொரு கட்டையாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று நாள் ஆனது. கன்னம் கீறிப்போயிற்று. தகரக் கொட்டகையில், தரையில் படாமல், காற்றோட்டம் விட்டு அவளே அடுக்கினாள். ரோசமெல்லின் கட்டிலைப் பின்னறையிலிருந்து இழுத்து வந்து அடுப்புக்கு நேரெதிரே, சமையலறைச் சுவரோரமாகப் போட்டாள். நல்ல விறகு, நல்ல சூடு, பக்கத்திலேயே கட்டில். வேறு என்ன செய்ய முடியும்?

இங்கே ராக்கட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் ராத்திரி நெருப்பை அணைய விடமாட்டார்கள். படுக்கப் போகும் முன், கதவு வைத்த இரும்பு அடுப்பில் தணல்மேல் ஒரு பெரிய கட்டையை வைத்துக் காற்றுவாயை இறுக்க மூடிவிடுவார்கள். அது எரியாமல், அணையாமல், விடிய விடியக் கனன்றுகொண்டே கிடக்கும். காலையில் காற்றுவாயைத் திறந்தால் நெருப்பு தயாராக இருக்கும். அதற்குக் காய்ந்த கட்டை லாயக்கில்லை, ஒரு மணி நேரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். ஈரமாக, கணு விழுந்ததாக, கனமாக இருக்கவேண்டும். காலையில் நெருப்பு செத்துக் கிடக்கிற வீடு என்றால் அந்த வீட்டுக்காரி சோம்பேறி என்று அர்த்தம். அப்படித்தான் எல்லாரும் வளர்ந்தோம். நோல்ஃபா பத்தொன்பது வயதில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ரோசமெல்லைக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் அடுப்பு ஒரு குளிர்காலக் காலையில்கூட அணைந்து கிடந்ததில்லை. ராத்திரி பிசைந்து வைத்த மாவு அந்தச் சூட்டில்தான் பொங்கும்.

ஜூன் பிறந்தது. ரோசமெல் இருமத் தொடங்கினார்.

முதல் வாரம் அது குளிருக்கு என்றாள். இரண்டாவது வாரம் ஆள் வைத்துப் புகைக்குழாயைத் துடைக்கச் சொன்னாள். உள்ளேயிருந்து தார் மாதிரி கெட்டிக் கரி பாளம் பாளமாக விழுந்தது. துடைத்த ஆள், "என்ன டோன்யா நோல்ஃபா, நீங்களுமா ஈர விறகு எரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டான். அவளுக்கு வந்த கோபத்தில் அவனுக்கு ரொட்டிகூடக் கொடுக்காமல் அனுப்பினாள். நேரே பால்தோவினோவின் கிடங்குக்குப் போனாள்.

"நடுவுல எதையோ கலந்துட்ட. ஒத்துக்கோ."

"கலக்கறதா? நீங்கதான ஒவ்வொண்ணா மொகத்துல தேச்சு எடுத்தீங்க!"

அவர் ஊசி வைத்த ஈரமானியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். கொட்டகையில் பத்துக் கட்டையைப் பிளந்து குத்திப் பார்த்தார். பதினாறு, பதினைந்து, பதினேழு. ஈரம் இருபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே காய்ந்த விறகு. பால்தோவினோ கருவியைப் பையில் போட்டுக்கொண்டார். கிண்டல் செய்யக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் விட்டுக்கொடுத்ததுதான் நோல்ஃபாவுக்கு இன்னும் உறைத்தது.

விறகு சரி, குழாய் சரி, அடுப்புக் கதவின் இடுக்கை அடைக்கிற கயிறும் புதுசு. அப்படியென்றால் புகை வெளியிலிருந்துதான் வரவேண்டும். வெளியில் யார்? வேலிக்கு அந்தப் பக்கம் எடுவினா பஹமொந்தே. மே மாதம் லாரியில் வந்ததை அப்படியே வாங்கி அடுக்குகிற ரகம். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை, பகலில் தூக்கம், விறகைப் பார்க்க நேரமேது? நோல்ஃபா ஒரு நாள் சாயங்காலம் வேலியருகே நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"உன் சோம்பேறித்தனத்துக்கு எம் புருஷன் சாகணுமா? அந்தக் குழாயப் பாரு, ஊரே தெரியல!"

எடுவினா கதவைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரொட்டிக்காரிக்கு வாய் நீளம்" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். பதினெட்டு வருஷப் பழக்கம். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. ரொட்டிகூட எடுவினா வேறு தெருவில் வாங்கினாள்.

ரோசமெல் இருமிக்கொண்டுதான் இருந்தார். பகலில் கொஞ்சம் தேவலை. விடியற்காலையில்தான் ஆளையே சுருட்டிப் போட்டது. ஜூலை நடுவில் டாக்டரம்மா வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ரோசமெல்லைப் பார்க்காமல் நோல்ஃபாவைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றைக்கே நோல்ஃபா மகளுக்குப் போன் செய்தாள். மிரேயா விமான டிக்கெட் எடுத்தாள். வியாழக்கிழமை மத்தியானம்.

தோற்றுப்போனோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் விறகு பார்த்துக் கொடுத்தவளால் தன் புருஷன் ஒருத்தருக்குப் பார்த்துக் கொடுக்க முடியவில்லை. ரோசமெல்லின் இரண்டு கம்பளிச் சட்டைகளைப் பெட்டியில் வைத்தாள், அங்கே கம்பளி எதற்கு என்று எடுத்தாள், மனசு கேட்காமல் திரும்ப வைத்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எடுவினா வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பின்னால் தெருவில் ஒரு லாரி நின்றது.

"விறகு தீந்துபோச்சு. லாரி வந்திருக்கு" என்றாள். "நீ கத்தினத நான் மறக்கல. ஆனா இந்த ஊர்ல வேற யாரக் கூப்பிடறது?"

நோல்ஃபாவுக்கும் போகக்கூடாது என்றுதான் இருந்தது. ஆனால் வாசலில் விறகு லாரி நிற்கும்போது அவள் கால் வீட்டுக்குள் நிற்காது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். சுற்றி ஒரு நடை, அடியிலிருந்து இரண்டு பிளவு, தட்டினாள், கன்னத்தில் வைத்தாள். குளிர்காலத்து நடுவில் வந்ததற்கு மோசமில்லை. பாதிக்குமேல் தேறும். தேறியதை ஒரு பக்கமும் தேறாததை ஒரு பக்கமும் போடச் சொன்னாள். தேறாததிலிருந்து கணு விழுந்த நாலு பெரிய கட்டைகளைக் காலாலேயே தள்ளி வேலியோரம் ஒதுக்கினாள்.

"இத மட்டும் திருப்பி அனுப்பாத. நல்ல ஈரம். ராக்கட்டைக்கு ஆகும்."

"எனக்கெதுக்கு ராக்கட்டை? ராத்திரி நான் வீட்லயா இருக்கேன்? போறப்ப அணைச்சுட்டுப் போயிடுவேன்."

"ராத்திரியில உன் அடுப்பு எரியறதே இல்லையா?"

"ஆறு மணிக்கு வந்துதான் பத்த வெக்கறேன். பாதி நாள் அதுவும் இல்ல, அப்படியே விழுந்து தூங்கிடறேன்." எடுவினா மனசில் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டாள். "ஆறு மணிக்கு நான் வர்றப்ப இந்தத் தெருவுல எது பொகையுது தெரியுமா? உன் குழாய். மத்த வீட்டுலயும் இருக்கு, உன்னுதுதான் அதிகம். மஞ்சளா, கெட்டியா, அப்படியே கூரையோட இறங்குது. மூணு வாரமா இதச் சொல்லணும்னுதான் இருக்கேன். நீ கத்தின கத்துல எனக்குச் சொல்லத் தோணல."

நோல்ஃபா காலடியில் கிடந்த நாலு கட்டைகளையும் பார்த்தாள். அவளே பொறுக்கி ஒதுக்கியது. ஈரமாக, கணுவாக, கனமாக. ஜனவரியில் மூன்று நாள் கன்னம் கீறக் கீற விறகு பார்த்தபோது, அதே கிடங்கின் மூலையிலிருந்து இதே மாதிரி நூற்றைம்பது கட்டைகளை அவளேதான் தனியாக எடுத்து, வீட்டுக்குப் பின்னால் தனியாக அடுக்கியிருந்தாள். பால்தோவினோவின் ஊசி அவற்றைக் குத்தவில்லை. குத்தவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ராக்கட்டையை அந்த ஊரில் யார் விறகுக் கணக்கில் சேர்த்தார்கள்?

"எடுவினா, என்ன மன்னிச்சுடு" என்றாள். எடுவினா பதில் சொல்வதற்குள் வீட்டைப் பார்த்து ஓடிவிட்டாள்.

ரோசமெல் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"கெழவா, பொகை ராக்கட்டையிலேர்ந்து வருதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பூட்டைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

"வருதா, இல்லையா?"

"வருது. நீ காத்துவாய மூடின அரைமணில ஆரம்பிக்கும். புதுக் கயிறு போட்டும் அடுப்புக் கதவு இடுக்குல கசியுது."

"உனக்குத் தெரியுமா?"

"கட்டிலத் தூக்கி அடுப்பு வாயில போட்டுட்ட. தெரியாம எப்படி இருக்கும்?"

"அப்ப ஏன் வாயத் தொறக்கல நீ?" அவள் குரல் உடைந்துவிட்டது. "நான் பால்தோவினோகிட்டச் சண்ட போட்டேன். எடுவினாவ நடுத்தெருவுல வெச்சுத் திட்டினேன். உன்ன மூட்ட கட்டி அனுப்பறேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ரோசமெல் மூச்சை இழுத்துக்கொண்டார். மூச்சு சேர்த்துக்கொண்டுதான் அவரால் நீளமாகப் பேச முடியும்.

"முப்பது வருஷம் நான் ரோட்டுக்குப் போனேன். ஒரு நாள்கூட நான் குளிர்ந்த வீட்ல கண்ணு முழிக்கல. இப்ப நான் போகல. அஞ்சு மணிக்கு எழுந்து வேலை பாக்கறது நீ. அந்தக் கதகதப்பாவது உனக்கு இருக்கட்டும்னு பாத்தேன். அத நிறுத்துன்னு எந்த வாயால சொல்றது?"

"அதுக்காக அந்தோஃபகாஸ்தா போயிடுவியா?"

"போயிட்டா நீ நிம்மதியா ராக்கட்டை போட்டுக்கலாம்ல."

அவள் அடுப்போரம் கிடந்த பாத்திரத் துணியைச் சுருட்டி அவர் முகத்தில் எறிந்தாள். "முட்டாக் கெழவா" என்றாள். பிறகு அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு மகளுக்குப் போன் செய்து, டிக்கெட்டைப் பதினைந்து நாள் தள்ளிப்போடச் சொன்னாள். காரணம் கேட்ட மிரேயாவிடம், "உங்கப்பனுக்கு மணல் புடிக்கலையாம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு காய்ந்த லெங்கா இரண்டு பிளவு போட்டுக் காற்றுவாயைத் திறந்தே வைத்தாள். அது தன் பாட்டுக்கு எரிந்து முடிந்தது. அதற்குமேல் அவள் ஒன்றும் போடவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை வீடு ஐஸ்பெட்டியாக இருந்தது. சமையலறை ஜன்னலின் உள்பக்கம் உறைபனி பிடித்திருந்தது. ராத்திரி பிசைந்த மாவு வைத்தபடியே கிடந்தது. விரல் மரத்துப்போய் அவளால் தீக்குச்சியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அணைந்த அடுப்பின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, சுள்ளி வைத்து நெருப்பு மூட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றாலும் வெட்கமாக இருந்தது. ரோசமெல் அன்றும் இருமினார். மறுநாளும் இருமினார், கொஞ்சம் குறைவாக. அவர்மேல் இன்னும் இரண்டு கம்பளி போர்த்தினாள். சனிக்கிழமை மாவைத் தன் படுக்கைக்குள் எடுத்துப் போய்க் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அது பாதிதான் பொங்கியது. ரொட்டி கல் மாதிரி வந்ததாக வாங்கினவர்கள் முணுமுணுத்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் ஐந்து மணிக்கு எழுந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. சுள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நாலு குளிர்காலமாக அந்த நேரத்தில் அந்த வீட்டில் இருமல் கேட்காமல் இருந்ததே இல்லை. இருட்டில் தடவித் தடவிப் போய்க் கட்டிலருகே குனிந்து, அவர் வாய்க்கு நேரே கன்னத்தை வைத்தாள். வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணினாள். நல்ல தூக்கம். அவள் எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஏழு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஆறேழு பேர் கையை உரசிக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் ரொட்டி அப்போதுதான் உள்ளே போயிருந்தது. தபால்காரர் டோன் எலியோதோரோவுக்குப் பொறுமை கிடையாது, கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன டோன்யா நோல்ஃபா, ஒரு வாரமா இதே கதையா இருக்கு! உங்க வீட்டு அடுப்பு காலைல செத்துக் கெடக்குதாமே, தெருவே பேசுது. உடம்பு கிடம்பு சரியில்லையா, இல்ல வயசாகி சோம்பேறித்தனம் வந்துடுச்சா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அவள் ஒரு காலத்தில் ஜன்னலை அறைந்து சாத்தியிருப்பாள். இப்போது ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள்.

"சோம்பேறித்தனம்தான். இனிமே எட்டு மணிக்கு வாங்க" என்றாள். "இப்ப கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவர் தூங்கிக்கிட்டிருக்கார்."